புல்லட்டின் விரதம்

போனை எடுத்ததும் "அலோ" என்று ஒரு குரலும் வரவில்லை. "ம்ம்மாஆஆ" என்று ஒரு மாடு காது கிழியக் கத்தியது.

விடிந்தும் விடியாத ஐந்தேகால் மணி. நாகபூஷணம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். மாடு மறுபடியும் கத்தியது. இழுத்து, நடுவில் ஒரு விக்கலோடு, கடைசியில் கெஞ்சலாக முடிந்தது அந்தக் கத்தல். இருபத்திரண்டு வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் அவர். பசிக்குக் கத்துவது, கன்றுக்குக் கத்துவது, காளைக்குக் கத்துவது என்று மூன்றையும் தூக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார். இது மூன்றாவது ரகம்.

"எந்த ஊரு? யாரு மாடு?" என்றார்.

கடைசியில் ஒரு பெண் குரல்.

"நான்தான் மாமா. கமலா."

நாகபூஷணத்துக்கு மிச்சமிருந்த தூக்கமும் போய்விட்டது. கமலம்மா அவர் மனைவி ரத்னம்மாவின் தங்கை. நாலு கிலோமீட்டர் தள்ளி சின்னேரியில் இருக்கிறாள். பதினைந்து வருஷமாக அவள் அவருக்குப் போன் செய்ததில்லை. அவர் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அக்காளும் தங்கையும் மட்டும் கல்யாணம் கருமாதிகளில் பந்தல் மூலையில் நின்று அவசர அவசரமாக அழுதுவிட்டுப் பிரிவார்கள்.

"நம்ம செவலை கத்துது மாமா. பங்காருபாளையத்து ஊசிக்காரருக்கு கொரோனான்னு ஊட்ட பூட்டி வச்சிட்டாங்களாம். வேற யாரும் எனக்குத் தெரியல."

"முனிசாமி?" அவள் புருஷனைக் கேட்டார்.

"திருப்பதி ஆஸ்பத்திரியிலதான் கீறாரு. இன்னியோட ஒம்போது நாளு. 108-ல ஏத்தும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு மாமா. 'செவலை கத்தினா ஊசிய தவற விட்டுடாத.' அவ்ளோதான். மூச்சு வாங்குது, அதுக்குள்ள இத சொல்றாரு."

அவள் குரல் உடைந்தது. பின்னணியில் செவலை உடையாமல் கத்தியது.

"வரேன்" என்றார் நாகபூஷணம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். சித்தூர் ஜில்லா முழுவதும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடையடைத்து, மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறந்தார்கள். நாகபூஷணத்திடம் முத்திரை குத்திய ஒரு பாஸ் இருந்தது. ஆனால் கூட்டுரோட்டில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு முதலில் லத்தியை வீசிவிட்டுப் பிறகுதான் காகிதம் படிக்கும் பழக்கம்.

அவர் கவலை அந்த லத்தி இல்லை. ஜாடி.

மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய ஜாடி அது. உள்ளே திரவ நைட்ரஜன். ஊரார் பாஷையில் சொன்னால் 'கேஸ்'. தொட்ட மாத்திரத்தில் விரல் வெந்துபோகிற குளிர். அந்தக் குளிரில்தான் காளைகளின் விந்து மெல்லிய குழல்களில் உறைந்து, உயிரோடு தூங்கும். கேஸ் தீர்ந்தால் தூக்கம் சாவாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருதரம் லாரி வந்து ஜாடியை நிரப்பிவிட்டுப் போவது வழக்கம். இந்தத் தடவை இருபத்தாறு நாளாகியும் லாரி வரவில்லை. கேஸ் ஏற்றுகிற வண்டிகளையெல்லாம் கழுவி, ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் ஏற்ற அனுப்பிவிட்டார்களாம்.

நாகபூஷணம் ஜாடியைப் பிள்ளை பெற்றவளைப் போலப் பார்த்துக்கொண்டார். வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையை அதற்குக் கொடுத்துவிட்டுத் தன் கட்டிலை வெளியே போட்டுக்கொண்டார். திறந்தால் ஆவியாகும் என்று ஐந்து நாளாக மூடியில் கைவைக்கவே இல்லை.

ரத்னம்மா டீயோடு வந்து, அவர் ஜாடியை பைக்கில் கட்டுவதைப் பார்த்தாள்.

"யாரு ஊட்டுக்கு?"

"உன் தங்கச்சி ஊட்டுக்கு."

டம்ளர் கையிலேயே நின்றது. "பதினஞ்சு வருஷத்துல ஒரு நல்ல நாளு கெடைக்கல உனக்கு. தெருவ அடைச்சி மூங்கில் கட்டி, ஊடு முழுக்க கொரோனா வந்துட்டுப் போன அப்புறம்தான் போவியா?"

"மூங்கில நேத்தே அவுத்துட்டாங்களாம்."

"அவுத்தா?" என்றவள் உள்ளே போய் இரண்டு மாஸ்க் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அவர் முகத்தில் மாட்டினாள். பிறகு ஒரு எவர்சில்வர் தூக்கை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டாள்.

"இன்னாது?"

"கருவாட்டுக் குழம்பு. அவளுக்குப் புடிக்கும். நான் குடுத்தேன்னு சொல்லாத. பாத்தாலே தெரிஞ்சிக்குவா."

சின்னேரியில் தெருவே காலியாக இருந்தது. கமலம்மா வாசலில் நின்றாள். பாதி முகத்தை முந்தானையால் மூடியிருந்தாலும் மீதிப் பாதியில் ஒன்பது நாள் தூக்கப் பாக்கி தெரிந்தது. "வா மாமா" என்று சொல்லிவிட்டு ஆறடி தள்ளி ஒதுங்கி நின்றாள். நாகபூஷணம் வாசல்படியை ஒரு கணம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொட்டகைக்குப் போனார்.

செவலை நல்ல மாடு. ஜெர்சி கலப்பு, சாதுவான கண்கள். வாலைத் தூக்கித் தூக்கி நின்றது. கண்ணாடி நூலாகத் தொங்கிய வழும்பைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் விட்டது.

"கன்னு போட்டு எவ்ளோ நாளாச்சு?"

"எட்டு மாசம் மாமா. நாலு ஊசி போட்டாச்சு, ஒண்ணும் தங்கல. பன்னெண்டு லிட்டரு கறந்தது, இப்ப நாலுக்கு வந்துட்டுது. பங்காருபாளையத்து வியாபாரி வந்து வந்து பாத்துட்டுப் போறான். 'இந்த தடவையும் நிக்கலன்னா ஓட்டிக்கினு போ'ன்னு இவரு வாய விட்டுட்டாரு. அவன் ஓட்டிக்கினு போனா எங்க ஓட்டுவான்னு உனக்கே தெரியும்."

தெரியும். கறவைக்கு ஆகாத மாட்டை வாங்குகிறவன் அதைக் கட்டிப்போட்டுத் தீனி போடமாட்டான்.

"அவரு ஊடு திரும்பி வரும்போது இது இந்தக் கட்டுத்தறியில நிக்கணும் மாமா" என்றாள் கமலம்மா. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நாகபூஷணம் ஜாடியை இறக்கி நிழலில் வைத்தார். மூடியைத் தூக்கினார்.

மூடி திறந்தால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று பொங்கி வழியும். பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்க்கவே சுற்றி நிற்கும். இப்போது புகை வரவில்லை. ஜாடி வெறும் குடம்போல வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அவர் அளவுக் குச்சியை உள்ளே விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் வீசினார். கேஸ் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை குச்சியில் வெள்ளையாகப் பனி பிடிக்க வேண்டும். குச்சி கறுப்பாகவே இருந்தது. இன்னொரு தடவை விட்டு எடுத்தார். அதே கறுப்பு.

உள்ளே ஆறு குழல்கள் இருந்தன. ஆறும் செத்தவை.

கமலம்மாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நில்லுடி, டாக்டர் மாமா வந்துட்டாரு, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று மாட்டுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாகபூஷணம் கையுறையை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். செத்த குழல் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? இவள் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவாள். இருபத்தொரு நாள் கழித்து மாடு மறுபடி கத்தும். 'அஞ்சாவதும் தங்கல' என்பார்கள். தங்காதது மாட்டின் குற்றமாகப் போய்விடும். வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போவான்.

அவர் கையுறையை மடித்துப் பையில் வைத்தார்.

"கமலா, ஜாடி காஞ்சிப்போச்சு. எங்கிட்ட இருக்கிற மருந்துல உசிரு இல்ல."

அவள் திரும்பினாள். "கொஞ்சூண்டு கூடவா?"

"கொஞ்சூண்டு உசிருன்னு ஒண்ணு கெடையாது."

பிறகு அவர் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்று, தெரிந்த ஊசிக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டார். நகரியில் கோவர்த்தனன், "அண்ணா, என் ஜாடியில நேத்து என் பொண்ணு அரிசி கொட்டி வச்சிட்டா" என்றான். சித்தூரில் இருப்பவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. எங்கேயும் கேஸ் இல்லை.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து உருண்டு வந்த உறுமல். அதைத் தொடர்ந்து கட்டுத்தறி நடுங்குகிற சத்தம்.

இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

பின்கட்டில் நின்றது புல்லட், முனிசாமியின் காளை. ஆளுயரத் திமில், எண்ணெய் பூசிய கொம்பு, வெள்ளை உடம்பில் ஒரு பொட்டு அழுக்கில்லை. ஊசி வந்தபிறகு சுற்றுவட்டாரத்தில் யாருமே காளை வைத்துக்கொள்வதில்லை. பொலிகாளை வேண்டாம், நோய் வரும், எல்லாவற்றையும் காயடித்துவிடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னதே நாகபூஷணம்தான். தப்பிப் பிழைத்து நிற்பது இது ஒன்று. அதற்கும் காரணம் இருந்தது. சங்கராந்தி மாட்டுப் பண்டிகையில் கொம்பில் பலகை கட்டித் தெருவில் விடுவார்கள். பலகையைப் பறிக்க இளவட்டங்கள் இருபக்கமும் சுவர்போல நிற்பார்கள். ஐந்து வருஷமாகப் புல்லட்டின் பலகையில் ஒருத்தன் விரல் பட்டதில்லை.

ஓடுகிற காளைக்கு ஒரு விரதம் உண்டு. பசுவிடம் விடக்கூடாது. ஒருதரம் விட்டால் காலில் வேகம் போய்விடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வெளியூர் வேலையை விட்டு வந்த முனிசாமி ஏழு வருஷமாகப் புல்லட்டைத் தனிக்கட்டில் வைத்து, பசு மூச்சுக்கூடப் படாமல் வளர்த்தான். செவலை கத்துகிற நாளில் பின்கட்டுக் கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவானாம்.

"அவுத்து விட்டுடலாமா மாமா?" கமலம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவருக்கு யாரு சொல்லப்போறாங்க? ஊசி போட்டோம்னு சொல்லிடலாம்."

நாகபூஷணம் தலையை ஆட்டினார். "அவனைக் கேக்காம அவன் காளை மேல ஒரு தடவ கைவச்சி பதினஞ்சு வருஷம் ஆச்சு கமலா. இன்னொரு பதினஞ்சுக்கு எனக்கு வயசு பத்தாது."

கமலம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கதை இருவருக்கும் தெரிந்ததுதான். அப்போது முனிசாமியிடம் ராக்கெட் என்று ஒரு காளை இருந்தது. சூளூர்பேட்டையில் கொத்துவேலை செய்தபோது வானத்தில் ராக்கெட் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து வைத்த பெயர். அந்தக் காளையை வாங்கின கையோடு அவன் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டான். வருஷத்தில் பதினோரு மாசம் அங்கே. காளையோடு மல்லுக்கட்டியது கமலம்மா. இரண்டு தடவை அது அவளைக் கயிற்றோடு தரையில் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் தடவை விலாவில் குத்திற்று. அந்த வாரம் ஊரில் காயடிக்கும் கேம்ப் போட்டபோது அவளேதான் நாகபூஷணத்தைத் தேடி வந்து, "பண்ணிடு மாமா, இல்லன்னா நான் செத்துடுவேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பொங்கலுக்கு வந்த முனிசாமி, சிங்கம்போல விட்டுப்போனது எருதாக நிற்பதைக் கண்டான். யார் சொல்லி என்று அவன் கேட்கவில்லை. நேரே சகலை வீட்டுக்கு வந்து, தெருவே கூடி நிற்க, "இனி என் ஊட்டு வாசல்ல உன் கால் படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். கமலம்மா அன்று பயத்தில் வாய் திறக்கவில்லை. நாகபூஷணமும் திறக்கவில்லை. இளம் பெண்டாட்டி, வெளியூர்ப் புருஷன். பழி தன்மேல் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"போன் போடு" என்றார்.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்து ஓய்ந்தபோது கமலம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் இப்போது செவலையைப் பார்க்கவில்லை.

"காலையில ஏழு மணிக்கெல்லாம் எடுப்பாரு மாமா. தெனமும் எடுப்பாரு."

நாகபூஷணம் அந்தப் போனை வாங்கித் தானே அழுத்தினார். ஐந்தாவது மணியில் எடுத்தது ஒரு நர்ஸ்.

"எவரண்டி?" என்று யார் பேசுவதெனத் தெலுங்கில் கேட்டாள். பேஷண்ட் கவிழ்ந்து படுத்திருக்கிறார், மூச்சுக்கு அதுதான் நல்லது, இப்போது எழுப்ப முடியாது என்றாள். ஆக்சிஜன் அளவு தேறியிருக்கிறதாம். இரண்டு மணிக்கு மேல் அவரே பேசுவாராம். நாகபூஷணம் அவ்வளவையும் கமலம்மாவுக்குக் கையாலேயே ஜாடை காட்டிச் சொன்னார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க அவருக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டாள் நர்ஸ், சீட்டில் எழுதிக்கொள்ள.

பதினைந்து வருஷமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"தோடல்லுண்ணம்மா" என்றார். சகலை.

பன்னிரண்டு மணிக்குத் தெருக்கோடியில் விசில் ஊதினார்கள். பாஸ் இருந்தாலும் கூட்டுரோட்டு லத்தியைத் தாண்டி இனி அவர் திரும்பிப் போவதற்கில்லை. காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம்தான் நல்ல நேரம். ஆனால் ராத்திரி தாண்டினால் தாண்டியதுதான். அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். கமலம்மா ஆறடி தள்ளி இலை போட்டு, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். தூக்கைத் திறந்து முகர்ந்தவள், "அக்கா இன்னும் புளிய கம்மியாத்தான் கரைக்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"துன்னு நீயும்."

"நான் சொல்லிடட்டுமா மாமா? ராக்கெட்டு விஷயம். அவரு பேசும்போது."

"ஆஸ்பத்திரியில கவுந்து படுத்துக்கினு கீறவன்கிட்டயா? மொதல்ல மூச்ச விடட்டும், அப்புறம் கோபப்படட்டும்."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"மொத வருஷம் இருந்துது. அப்புறம் பழகிப்போச்சு. இங்க இருக்கிற முனியாண்டி கோயிலுக்கு உங்க தெரு வழியா வராம மூணு கிலோமீட்டரு சுத்திக்கினு போவேன். அதுலதான் எனக்கு சுகரு ஏறல."

கமலம்மா சிரித்துவிட்டாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு என்று அந்தச் சிரிப்பின் துரு சொல்லிற்று.

இரண்டேகாலுக்குப் போன் வந்தது. நாகபூஷணம்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கமலா" என்றது குரல். முனிசாமியின் குரல் இல்லை அது. பண்டிகைத் தெருவில் ஒரு சத்தம் போட்டால் நாலு வீட்டு ஓடு அதிருமே, அந்த ஆளின் குரல் ஊதிய பலூனில் காற்றுப் போகிறமாதிரி வந்தது.

"நாகபூஷணம் பேசறேன்."

மறுபக்கம் 'உஸ்' என்று இயந்திரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"செவலை கத்துதா?" என்றான் முனிசாமி.

"காலையிலேர்ந்து."

"ஊசி போட்டியா?"

"போடல சகலை. ஜாடி காஞ்சிப்போச்சு. எங்க கேஸ் லாரி எல்லாம் ஆக்சிஜன் ஏத்திக்கினு உன் பக்கந்தான் வருது."

"அப்ப உன் ஜாடியத்தான் நான் இங்க உறிஞ்சிக்கினு கீறேனா?"

"பரவால்ல. நல்லா உறிஞ்சு."

சிரிப்பு வந்தது. அது இருமலாகி, இருமல் நீண்டு, நர்ஸ் அதட்டுவது கேட்டது. அடங்கியதும் நாகபூஷணம் மெதுவாகச் சொன்னார்.

"புல்லட்டு இருக்குது. உன்னைக் கேக்காம அதைத் தொடமாட்டேன். வேணாம்னு சொன்னா இப்பவே எந்திரிச்சுப் போறேன்."

"பலகை கட்டி ஓடற மாடு அது."

"தெரியும்."

"ஒரு தடவ விட்டா ஓட்டம் பூடும்னு எங்க நைனா சொல்லுவாரு."

"டாக்டரா சொல்றேன், பூடாது."

"நீ டாக்டர் இல்ல."

"ஆமா, இல்ல."

மறுபடியும் 'உஸ்.' செவலை கத்தியது. அதைக் கேட்டுப் பின்கட்டுக் கட்டுத்தறி குலுங்கியது. இரண்டு சத்தமும் திருப்பதி வரை போயிருக்க வேண்டும்.

"அதுக்கு ஆசையா கீதா?" என்றான் முனிசாமி.

"தறியப் புடுங்கிக்கினு கீது."

"ஏழு வருஷம்" என்றான் அவன். பிறகு, "நானும் ஒம்போது நாளா தனியா படுத்துக்கினு கீறேன் சகலை. ஒரு மனுசன், ஒரு மாடு, எதுவா இருந்தாலும் தனியா கட்டிப்போட்டு வைக்கிறது பாவம்னு இங்க வந்துதான் தெரியுது. அவுத்துவுடு."

கமலம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஆனா நீ கயிறப் புடிச்சா குத்திடும்" என்றான். "போன அது காதுகிட்ட வை."

ஊரடங்கிய அந்த மத்தியானத்தில், எழுநூறு கிலோ காளையின் காதுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கழியின் நுனியில் போனைக் கட்டி நீட்டிக்கொண்டு நாகபூஷணம் நின்றதைப் பார்க்கத் தெருவில் ஒருவரும் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம். "ஏ புல்லட்டு... டேய் ராஜா... ஹோ... ஹோ..." என்று திருப்பதியிலிருந்து மெலிந்த குரல் வந்தது. காளை காதை விறைத்தது. போனை முகர்ந்தது. எஜமான் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தது. காணாமல், கழியின் நுனியையே நக்க ஆரம்பித்தது.

"நக்குது" என்றார் நாகபூஷணம்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஹோ... மெல்லடா... போடா" என்று குரல் தொடர்ந்தது. அந்தக் குரலின் பின்னாலேயே, ராக்கெட்டைக் கண்டு நடுங்கிய கமலம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லட்டைக் கன்றுக்குட்டியாகக் கூட்டிவந்தாள்.

ஏழு வருஷ விரதம் கலைய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கமலம்மா அந்த அரை நிமிஷமும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவலை கத்துவதை நிறுத்திற்று. புல்லட் கொட்டகை நடுவில், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைபோல எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"ஆச்சா?" என்றது போன்.

"ஆச்சு."

"எப்படி நின்னுது?"

"உன் மாடுதானே. பறந்துதான் வந்துது."

முனிசாமி அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். தினமும் இரண்டு மணிக்குக் கமலம்மாவோடு பேசினான். பேசி முடித்ததும் சகலைக்கு ஒரு போன். மாடு திரும்பக் கத்திற்றா, கத்தவில்லையா என்பதுதான் பேச்சு. இருபத்தொன்றாம் நாள் செவலை கத்தவில்லை. இருபத்திரண்டாம் நாளும் கத்தவில்லை. அதற்குள் அவன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். பன்னிரண்டு கிலோ குறைந்து, லுங்கியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாபாரி ஒருதரம் எட்டிப் பார்த்தான். "ஆகஸ்டு முடியட்டும் வா" என்று முனிசாமி அனுப்பிவைத்தான்.

ஆகஸ்டு கடைசி வாரத்தில் நாகபூஷணம் சினை பார்க்க வந்தார். இந்த முறை ரத்னம்மாவும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள், இரண்டு தூக்கோடு. ஜாடியும் நிரம்பியிருந்தது. அதற்கு இன்று வேலை இல்லை.

அவர் தோள்வரை கையுறை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு, செவலையின் பின்னால் நின்றார். கை உள்ளே போனது. நாற்காலியில் முனிசாமி நிமிர்ந்தான். ரத்னம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகபூஷணம் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருட்டில் எதையோ தேடுகிறவர்போலத் தலையைச் சாய்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியில் ஏதோ மிதந்து விலகி, மறுபடி வந்து தொட்டது. எலுமிச்சைக்கும் பெரிசு, எலிக்கும் சிறிசு. இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் தொட்டதுதான். இருந்தும் அவர் கையை உடனே எடுக்கவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"சகலை, செத்துடுவேன் போல கீது. சொல்லித் தொலை" என்றான் முனிசாமி.

"கன்னு கீது" என்றார் நாகபூஷணம். "நல்லா கீது. பிப்ரவரியில போடும்."

முனிசாமி எழுந்தான். எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கி மறுபடி உட்கார்ந்தான். பிறகு மெதுவாக எழுந்து வந்து செவலையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அப்படியே கையை நீட்டிச் சகலையின் தோளைத் தேடிப் பிடித்தான். கையுறைச் சாணியெல்லாம் அவன் சட்டையில் ஆனது. அவன் பொருட்படுத்தவில்லை.

"பதினஞ்சு வருஷம் வீணாப் போச்சுடா" என்றான். "உன்னைய வாசல மிதிக்க விடாததுக்கு..."

கமலம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அக்காளின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமா மேல தப்பே இல்லங்க. அன்னிக்கு ராக்கெட்டுக்குக் காயடிக்கச் சொன்னது நான்தான். நானே போய்க் கேட்டேன். உங்க கிட்ட சொல்லப் பயந்துக்கினு இத்தினி வருஷமா அவரைத் திட்டு வாங்க வச்சிட்டேன்."

முனிசாமி மாட்டின் நெற்றியிலிருந்து தலையை எடுக்காமலேயே சொன்னான்:

"தெரியும் கமலா, கேம்ப்புல பேரு எழுதினவன் அடுத்த வாரமே சொல்லிட்டான், உன்கிட்ட சண்ட போட்டுட்டு நான் எந்த மனசோட பெங்களூருக்கு பஸ் ஏறுவேன், அதான் சண்டைய இவன்கிட்டயே வச்சிக்கினேன், இவன் தாங்குவான்னு தெரியும்."